தெற்கு வரப்பைத் தாண்டிய பிணம்

அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். உன் அப்பா. அவருடைய தம்பி, உன் சித்தப்பா. ஊர்த் தலையாரி கோவிந்தன். வாய்க்கால் வரப்பில் மல்லாந்து கிடந்த தணிகாசலம். செம்பில் தண்ணீரோடு ஓடிப்போன நான். என் வயிற்றில் ஆறு மாதமாக நீ. கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்றதால் வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. செத்தவனை நீக்கினால் மீதி ஐந்து சாட்சி. ஐந்து பேரும் வாய் திறக்கவில்லை. அதில் உன்னை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இப்போது உன்னையும் சேர்க்க வேண்டி வந்துவிடுமோ என்ற ஆத்திரத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. புதுச்சேரிக் கோர்ட்டில் நீதிபதிகளோடு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஊர்ப் பெரிய மனிதர்களில் ஒருவனாக உன்னை எடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு அதைச் சாமி மாடத்தில் வைத்துக் கும்பிட்டேன். இரண்டாம் பக்கத்தைப் படித்துவிட்டு மாடத்திலிருந்து எடுத்துவிட்டேன். முதன்முதலாக உன் முன்னால் வரப்போகிற வழக்கு, வில்லியனூர்ப் பக்கத்து மரமேறி ஒருவன் கள்ளுக்கடைக்காரனை வெட்டிக் கொன்றது. பனையடியில் வாய்ச்சண்டை முற்றி, கையில் இருந்த பாளைக்கத்தியால் வெட்டிவிட்டு ஓடிவிட்டேன் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். ஆனால் பிணம் கிடந்தது இரண்டு கொல்லை தள்ளி ஒரு குளத்தில். "கோபத்தில் வெட்டினவன் பிணத்தைத் தூக்கிப்போய் மறைப்பானா? அம்மா, இது முன்பே திட்டம் போட்ட கொலை. அந்தக் குளம் ஒன்றே போதும். அவன் தலை போகவேண்டியதுதான்" என்று எழுதியிருக்கிறாய். விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை. அவன் முகத்தைக்கூட நீ பார்க்கவில்லை. அதற்குள் அவன் தலையை எடுத்து உன் கடிதத்தில் வைத்து எனக்கு அனுப்பிவிட்டாய்.

இந்தக் கடிதத்தை நீ ஒளித்துப் படிக்க வேண்டாம். உன்னோடு உட்காரப் போகிறவர்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டு. எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. புராணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானாகவே எழுத்துக் கூட்டக் கற்றவள். சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் வரப்பு தெரியும்.

நம் கரும்புக் கொல்லையின் தெற்கு வரப்போடு பிரெஞ்சுக்காரன் ராஜ்ஜியம் முடிகிறது. அதற்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீமை. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சோரியாங்குப்பம் பக்கம் ஒருவன் மாடு மேய்க்கப் போனால் இரண்டு ராஜ்ஜியத்துப் புல்லையும் மேய்த்துக்கொண்டுதான் திரும்புவான். நீ சின்ன வயதிலேயே படிக்கப் போய்விட்டாய். அதனால் எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம் இருப்பதே உனக்குத் தெரியாமல் போயிற்று. தன் ஊர் எல்லையில் ஒரு பிணம் கிடந்தால் எந்த ஊரும் அதை அங்கேயே விட்டுவைக்காது. அடுத்த ஊர் எல்லைக்குள் நகர்த்திவிடும். முடிந்தால் அடுத்த ராஜ்ஜியத்துக்கே. கொன்றவனைக் காப்பாற்றுவதற்காக இல்லை. போலீசு வந்து ஊரில் உட்கார்ந்துவிடும் என்ற பயம். வந்தால் அவர்களுக்குச் சோறு போட வேண்டும், கூப்பிட்ட போதெல்லாம் பத்து ஆம்பளைகள் வேலையை விட்டுவிட்டுப் புதுச்சேரிக்கு நடக்க வேண்டும். தூக்கிப் போட்டவர்கள் அதைப் பாவம் என்றே நினைக்கமாட்டார்கள். வாசலில் செத்துக் கிடக்கும் பூனையைத் தள்ளிப் போடுகிற மாதிரிதான்.

முனியனை உனக்குத் தெரியாது. நம் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சினவன். கெட்டிக்காரன் இல்லை, நல்ல வேலைக்காரன். அவன் மனைவி அஞ்சலை. அஞ்சலையின் கூடப்பிறந்த அண்ணன்தான் தணிகாசலம். அவன் பக்கத்துக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சினவன். மச்சான் இரண்டு பேருக்கும் வாய்க்கால் முறையில் தினமும் சண்டை, தினமும் சமாதானம். அன்று காலை, நான் குளித்துவிட்டுத் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது முனியன் பின்வாசல் வழியாக ஓடிவந்தான். முழங்கால் வரை சேறு. கையில் மண்வெட்டி இல்லை.

"அம்மா, தண்ணி குடுங்கம்மா. மச்சான் மடையைத் தன் பக்கம் வெட்டிவுட்டுட்டு என்னைப் பொட்டைன்னு சொன்னான். ஒரே அடிம்மா. காம்பாலதாம்மா அடிச்சேன். வுளுந்துட்டான். கண்ணைத் தொறக்கமாட்றான். உயிர் கீதும்மா, தண்ணி ஊத்துனா எழுந்துக்குவான், வாங்கம்மா."

மகனே, இதுதான் நீ திட்டமிட்ட கொலை என்று சொல்கிறாயே, அதன் முகம். செம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் போவதற்குள் உன் அப்பாவும் சித்தப்பாவும் தலையாரியும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் திரும்பி ஓடின முனியனை உன் அப்பா வழியிலேயே பார்த்து, வடக்கே போய் யாராவது உறவுக்காரன் வீட்டில் இரு என்று விரட்டிவிட்டிருந்தார். நான் குனிந்து தணிகாசலத்தின் வாயில் தண்ணீர் விட்டேன். அது கன்னத்தில் வழிந்து மண்ணில் போயிற்று.

உன் அப்பா என் கையைப் பிடித்துத் தூக்கினார். "வாயும் வயிறுமா கீறவ பொணத்தைப் பாக்கலாமா? போ வூட்டுக்கு. நீ வரவே இல்லை, ஒண்ணும் பாக்கவே இல்லை, தெரிஞ்சுதா?"

தலையாரி கையைப் பிசைந்துகொண்டே நின்றான். "நான் தகவல் குடுத்தாகணும்ங்க. அது என் வேலைங்க."

"குடு. நாளைக்குக் கரும்பு வெட்டு. உன் போலீசு வந்து பதினஞ்சு நாளு இங்கியே குந்திக்குவான். கரும்பை உங்கப்பன் வந்து வெட்டுவானா?"

உன் சித்தப்பா அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். "இன்னாத்துக்குண்ணே பேச்சு? செத்தவனுக்கு எந்த ராஜாவா இருந்தா இன்னா, வரியா கட்டப் போறான்? காலைப் புடி, கோவிந்தா." இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். தலையாரியும் சிரித்தான். நான் திரும்பி நடந்தேன். பின்னால் கரும்புத் தோகை உரசும் சத்தம் தெற்கே நகர்ந்து போவது கேட்டது. வீட்டுக்கு வந்து மறுபடி தலைக்குக் குளித்தேன். பிணத்தைப் பார்த்த தீட்டுக்கு. அதோடு என் கடமை முடிந்ததென்று நினைத்தேன்.

தணிகாசலம் இங்கிலீஷ்காரன் சீமையில் ஒரு பனந்தோப்பில் கிடைத்தான். முனியன் போய் ஒளிந்த உறவுக்காரன் வீடும் அதே சீமைக்குள்தான் இருந்தது, அந்தப் போலீசுக்கு அவனைப் பிடிக்க நான்கு நாள் ஆயிற்று. வழக்கு அந்தப் பக்கத்துக் கோர்ட்டில் நடந்தது. விசாரணைக்குப் போய்வந்த முனியனின் பெரியப்பா வாய்மொழியாகத்தான் எங்களுக்கு எல்லாம் தெரியும். முனியன் நடந்ததை நடந்தபடியே சொன்னானாம். வாய்க்கால் வரப்பில் அடித்தேன், அம்மாவிடம் தண்ணீர் கேட்க ஓடினேன், அவன் எப்படித் தோப்புக்குப் போனான் என்று எனக்குத் தெரியாது என்றானாம். அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. "அப்படியென்றால் செத்த பிறகு எழுந்து நடந்து போனானா?" என்று வக்கீல் கேட்டாராம். கோர்ட்டே சிரித்ததாம். வரப்பைப் பார்த்துவர ஒரு ஆளை அனுப்பினார்கள். உன் அப்பா அதற்கு முன்பே அங்கே தண்ணீரைத் திருப்பிவிட்டு, மண்ணைக் கொத்திப் போட்டிருந்தார். ஒரு தடயம் இல்லை. கோபத்தில் அடித்தவன் பயந்து ஓடுவான், இவன் தூக்கிக்கொண்டு போய் மறைத்திருக்கிறான், அதையும் பொய் சொல்லி மூடுகிறான், ஆகையால் திட்டம் போட்டவன் என்று நீதிபதி சொல்லிவிட்டார். நீ எழுதியிருக்கிறாயே, அந்த வாக்கியம்தான். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன் வாயிலிருந்து வந்த வாக்கியம், எழுத்துக்கு எழுத்து உன் கடிதத்தில் இருக்கிறது.

தூக்கு என்று தீர்ப்பு வந்த மறுநாள் அஞ்சலை பின்வாசலுக்கு வந்தாள். உனக்கு அப்போது இரண்டு மாதம், மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாய். அவள் படியேறவில்லை, கீழேயே நின்றாள்.

"அம்மா, தண்ணி எடுத்துகினு நீங்க ஓடுனதை எங்க சின்ன மாமியா பாத்திருக்கா. வரப்புலதான் அடிச்சான், வூட்டுக்கு ஓடியாந்தான்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கம்மா. மேல்கோர்ட்டுக்கு எழுதுறாங்களாம்."

நான் உன்னை மறு பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"செத்தது என் அண்ணன்மா. அவனுக்காக மாரடிச்சு அழுதவ நானு. எனக்கே வேணாங்குது, வேற யாருக்கு வேணுமாம் இவன் உசிரு? அண்ணனும் பூட்டான். இவனும் பூட்டா நான் யாருக்குச் சோறு ஆக்குறது?"

செத்தவன் குடும்பத்துக்கு நியாயம் வேண்டாமா என்று நீ கேட்டிருக்கிறாய். அந்தக் குடும்பம் பின்வாசலில் நின்று என்ன கேட்டது என்று சொல்லிவிட்டேன். கள்ளுக்கடைக்காரன் மனைவியை நீ கேட்டாயா?

அன்று உன் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். சாட்சி சொல்லப் போகிறேன் என்றேன். அவர் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "நீ போய்ச் சொன்னா அடுத்தது என்னைக் கேப்பான். பொணத்தை ஏன் எடுத்தேன்னு கேப்பான். கூட்டாளின்னு என்னையும் உள்ள வெப்பான். இந்தக் கொயந்தையோட நீ இன்னா பண்ணுவே?" அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறாத ஆத்திரம். கெட்டவராக இருந்தால் அவரை எதிர்த்திருப்பேன். முனியன் பெண்டாட்டிக்கு வருஷா வருஷம் நெல் அளந்தார், ஆனால் ஒரு வார்த்தை அளக்கவில்லை. நானும் பேசவில்லை. வீராம்பட்டினம் அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். முனியன் பிழைத்தால் ஆடியில் தேர் இழுக்க நடந்தே வருகிறேன் என்று வேண்டினேன். வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் வேண்டுதல் வைத்தேன். அம்மன் கைவிட்டுவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். அவளும் அந்த மாதங்களில், நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று என்னைத்தான் கேட்டுக்கொண்டே இருந்திருப்பாள்.

அவனைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். பிறகு ஒரு நாள் நான் தனியாகப் போய், வாய்க்கால் வரப்பிலிருந்து அந்தப் பனந்தோப்பு வரை நடந்து எண்ணினேன். இருநூற்றுப் பதினாறு தப்படி. வடக்கு முனையில் பிணம் கிடந்திருந்தால் பிரெஞ்சுக் கோர்ட், வாய்ச்சண்டையில் விழுந்த ஒரு அடி, நானும் கூப்பிட்ட தூரத்தில் சாட்சி. எங்காவது தூர தேசத்துக்கு அனுப்பியிருப்பார்கள், தலை போயிருக்காது என்று பின்னாளில் ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். தெற்கு முனையில் கயிறு. மனிதன் ஒருவன், அடி ஒன்று. ராஜ்ஜியம் இரண்டு என்பதால் ஒரு முனையில் உயிர், மறு முனையில் சாவு. இதற்கு நியாயம் என்று பெயர் வைத்துக்கொண்டு நீங்கள் எல்லாம் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு உட்காருகிறீர்கள்.

உன் கடிதத்தில் இன்னும் மூன்று சொல்லியிருக்கிறாய். மூன்றுக்கும் பதில் தருகிறேன். இங்கிலீஷ்காரன் கயிறு காட்டுமிராண்டித்தனம், பிரெஞ்சுக்காரனின் தலைவெட்டும் மிஷின் ஒரு நொடியில் முடித்துவிடும், வலிக்காது என்கிறாய். யாரைக் கேட்டாய்? அந்தக் காலத்து ராஜாக்கள் கழுமரம் நட்டார்கள், தர்மம் என்றுதான் சொல்லி நட்டார்கள். கயிறு கொண்டுவந்தவன் கழுமரத்தைப் பார்த்து முகம் சுளித்தான். மிஷின் கொண்டுவந்தவன் கயிற்றைப் பார்த்து முகம் சுளிக்கிறான். நாளைக்கு வேறொருவன் வந்து உன் மிஷினைப் பார்த்துச் சுளிப்பான். அடுத்தவன் கொல்லுகிற முறை மட்டும்தான் ஒவ்வொருத்தனுக்கும் அசிங்கமாகத் தெரிகிறது.

அடுத்தது, நாங்கள் தலையை வெட்டச் சொன்னாலும் காகிதம் கப்பலில் பாரீசுக்குப் போகும், அங்கே ராஜ்ஜியத்தை ஆளும் பெரியவர் மன்னித்தாலும் மன்னிப்பார் என்கிறாய். அப்படியானால் நீ எதற்கு? கடல் தாண்டி இருப்பவனுக்குப் பனையடியில் நடந்தது தெரியும், பாகூரில் பிறந்த உனக்குத் தெரியாதா? உன் மனசாட்சியைத் தபாலில் போட்டுவிட்டு நீ மத்தியானம் சாப்பிடப் போகலாம் என்பதற்காகவா இத்தனை செலவு செய்து உன்னைப் படிக்கவைத்தோம்?

மூன்றாவது பயம். ஒரு தலை போனால் நூறு பேர் அஞ்சுவார்கள் என்கிறாய். முனியன் மண்வெட்டியை ஓங்கின நேரத்தில் அவனுக்கு எந்தக் கயிறும் ஞாபகம் வரவில்லை. பயந்தது யார் தெரியுமா? நாங்கள். கொலை செய்யாத நாங்கள். அந்தப் பயத்தில்தான் பிணத்தைத் தூக்கினோம், மண்ணைக் கொத்தினோம், பொய் சொல்லாமலே பொய் சொன்னோம். தண்டனை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குச் சாட்சி வாயை மூடிக்கொள்வான். உங்கள் மிஷின் கொலைகாரனை நிறுத்துகிறதோ இல்லையோ, அக்கம்பக்கத்துக்காரன் நாக்கை முதலில் வெட்டிவிடுகிறது.

நான் இளகின மனசுக்காரி என்று நினைக்காதே. உன் அக்காளை அடித்துத் துரத்தினானே அவள் புருஷன், என் கையில் அரிவாள்மனை இருந்த நேரம் அவன் எதிரே வராதது அவன் அதிர்ஷ்டம். கோபம் எனக்குத் தெரியும். ஆனால் உனக்குப் பத்து வயதில் நடந்ததை நினைத்துப் பார். இடுப்பு வெள்ளிக்கொடியைக் காணோம் என்று அழுதாய். துணி வெளுக்கும் குப்பம்மாள் எடுத்ததைப் பார்த்தேன் என்று சாமி படத்தில் கைவைத்துச் சத்தியம் செய்தாய். உன் அப்பா அவளை அடித்தே விரட்டினார். மூன்றாம் நாள் கொடி உன் பழைய சட்டைக்குள்ளிருந்து விழுந்தது. நான் உன் காதைப் பிடித்து அவள் குடிசைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "போவுது வுடும்மா, கொயந்த தானே" என்று அவள் சிரித்தாள். அவள் சிரிக்க உயிரோடு இருந்தாள். நீயும் நல்லவனாகத்தான் சத்தியம் செய்தாய், பார்த்ததாக நம்பித்தான் செய்தாய். இப்போதும் நம்பித்தான் எழுதுகிறாய்.

சித்தப்பா இன்னும் இருக்கிறார். இதெல்லாம் நான் எழுதினது தெரிந்தால் என் வாசலை மிதிக்கமாட்டார். மிதிக்க வேண்டாம். உன் அப்பா போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. அவர் பெயரைக் கெடுக்கிறேன் என்று உனக்குத் தோன்றினால், கெட்டுப்போகட்டும். செத்தவர் பெயரைவிட உயிரோடு சிறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் கழுத்து எனக்குப் பெரிதாக இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த மரமேறி பனையடியில் வெட்டியதாகச் சொல்கிறான், பிணம் குளத்தில் கிடந்தது. அந்தப் பனை எந்த ஊர் எல்லையில் இருக்கிறது, குளம் எந்த ஊர் எல்லையில் இருக்கிறது என்று கேள். பனை இருக்கும் ஊர்க்காரர்களையும் அந்த ஊர்த் தலையாரியையும் கூப்பிடு. பிணத்தைத் தூக்கினவனுக்குத் தண்டனை இல்லை என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு கேள். மிரட்டினால் ஒருத்தனும் சொல்லமாட்டான். அப்படிக் கேட்டும் அவனேதான் சுமந்துபோய்ப் போட்டான் என்று தெரிந்தால், அப்போதும் தலையைக் கேட்காதே என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அது என் பேராசை. குறைந்தது கேட்காமலே தீர்ப்புச் சொல்லாதே. கேட்காமல் நீ அந்த வார்த்தையைச் சொன்னால், இந்த வீட்டில் உனக்குச் சோறு உண்டு, தண்ணீர் உண்டு, அம்மா கிடையாது.

உன்னோடு உட்காருகிறவர்கள் இந்தக் கேள்வியை ஒப்புக்கொள்ளவில்லையென்றால் எனக்கு எழுது. நான் வண்டி கட்டிக்கொண்டு வந்து, எங்கள் பக்கத்தில் பிணங்கள் எப்படி நடக்கின்றன என்று கோர்ட்டிலேயே சொல்கிறேன். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

விசாரணை அடுத்த செவ்வாய் என்று எழுதியிருக்கிறாய். கேட்பாயா, மாட்டாயா என்று ஒரே வரி போதும். சனிக்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கிற மாதிரி உடனே பதில் எழுது.

அம்மா